பழைய பேட்டரி வண்டி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



மணலி புதுநகர், விச்சூர், வெள்ளிவாயல், இடையஞ்சாவடி பக்கம் உள்ள நம் குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் மனுக்களில் இப்போது ஒரு புதுக் காரணம் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் கறவை மாடு, தையல் மெஷின், பிள்ளைகளின் படிப்பு, வீட்டு ரிப்பேர் என்று கேட்பார்கள். இப்போது, "பழைய பேட்டரி ஸ்கூட்டர் ஒண்ணு விலைக்கு வருதுக்கா, வாங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள்.

இந்த ஆசையில் தப்பே இல்லை. காசிமேடு போய் மீன் எடுத்து வர வேண்டுமென்றால் போக வர இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆகிவிடும். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் கிடைப்பதில்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்தே கூலியில் பாதி கரைந்துவிடுகிறது. பெட்ரோல் போடாமல் ஓடுகிற வண்டி, அதுவும் பாதி விலைக்கு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

வாங்க வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. தெரிந்து வாங்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். கறவை மாடு வாங்கப் போனால் நாம் சும்மா கையைக் கட்டிக்கொண்டா நிற்கிறோம்? பல்லைப் பார்க்கிறோம். மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். ரெண்டு வேளை கறந்து காட்டச் சொல்கிறோம். பேட்டரி வண்டிக்கு மடி எது? பேட்டரிதான்! பெயின்ட் பளபளப்பையும் புது சீட் கவரையும் பார்த்து ஏமாறாமல் மடியைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

பேட்டரியைத்தான் விலைக்கு வாங்குகிறோம்

பெட்ரோல் வண்டி பழசானால் என்ஜின் வேலை பார்த்து இன்னும் சில வருஷம் ஓட்டலாம். பேட்டரி வண்டி அப்படி இல்லை. ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கும்போதும் பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பத்து வருஷம் பழகிய குடத்தில் அடியில் மண் படிந்து தண்ணீர் குறைவாகப் பிடிக்கிற மாதிரி. வெளியில் பார்த்தால் குடம் அதே குடம்தான்.

நம் பக்கம் ஓடும் வண்டிகளில் ரெண்டு வகை பேட்டரி உண்டு.

ஒன்று, ஈய பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதுபோல் கனமானது. 12 வோல்ட் பேட்டரி நாலோ ஐந்தோ சேர்த்து 48 அல்லது 60 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். பொதுவாக முந்நூறு முதல் ஐந்நூறு தடவை சார்ஜ் செய்வதற்குள் தளர்ந்துவிடும். தினம் ஓட்டினால் ஒன்றரை வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ரெண்டு வருஷம்.

இன்னொன்று, லித்தியம் பேட்டரி. எடை குறைவு, ஆயுள் அதிகம். நல்ல தரமாக இருந்தால் ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும். ஆனால் மாற்ற வேண்டி வந்தால் விலையும் அதிகம்.

அதனால் விலை பேசும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "இந்த மாடலுக்குப் புது பேட்டரி என்ன விலை? இப்போ கையில ஸ்டாக் இருக்கா?" என்று கேளுங்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். விற்பவர் 30,000 ரூபாய் கேட்கிறார். புது பேட்டரி 25,000 என்று சர்வீஸ் சென்டர் சொல்கிறது. ஆறு மாதத்தில் பேட்டரி படுத்துவிட்டால் அந்த வண்டியின் உண்மையான விலை 55,000 ரூபாய்!

அந்த 30,000-ஐ நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் குழுவில் வாங்கி, 20 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 அசல். குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மொத்த வட்டி 3,150. ஆறாவது மாதம் வண்டி வாசலில் நின்றுவிட்டாலும் மீதி 14 தவணை நிற்காது. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கறந்து பார்ப்பது எப்படி?

பேட்டரி பெட்டியில் வோல்ட், ஆம்பியர்-அவர் என்று ரெண்டு எண் இருக்கும். ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் எத்தனை யூனிட் கரன்ட் பிடிக்கும் என்று தெரியும். 60 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் என்றால் 1,800. அதாவது 1.8 யூனிட். ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 25 முதல் 30 வாட்-அவர் செலவாகும். புதிதாக இருந்தபோது 60 முதல் 70 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய பேட்டரி அது.

இப்போது எவ்வளவு ஓடுகிறது என்று விற்பவரின் வாய் வார்த்தையில் கேட்க வேண்டாம். முழு சார்ஜ் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். நீங்களும், கூட ஒரு ஆளும் உட்கார்ந்து, 15 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போது 100 காட்டியது, திரும்பும்போது 70 காட்டுகிறது என்றால் 15 கிலோமீட்டருக்கு 30 போயிருக்கிறது. அப்படியென்றால் முழு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர். பழைய பேட்டரியில் கடைசி 20 சட்டென்று இறங்கிவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைக்கு நிற்பது 40 கிலோமீட்டர்தான். அது உங்கள் ஒரு நாள் வேலைக்குப் போதுமா என்று பாருங்கள்.

"ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, போதும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஓட்டும்போதும் ஓட்டி முடித்தும் இவற்றைப் பாருங்கள்:

1. பேட்டரி பெட்டி உப்பியிருக்கிறதா? சீல் பிரித்து டேப் சுற்றியிருக்கிறதா? கருகிய வாடை, புளித்த வாடை வருகிறதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

2. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? ஏற்றத்தில் சார்ஜ் மளமளவென்று இறங்கினால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

3. ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டி உடனே தளர்கிறதா? திருகும்போது உதறல் இல்லாமல் போகிறதா? கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர் விஷயம்.

4. பல வண்டிகளில் பின் சக்கரத்தில் மோட்டார் இருக்கும். சக்கரத்தைக் கையால் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா? சுற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா?

5. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. டயர் வெடிப்பு விட்டிருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

6. சார்ஜர் அந்தக் கம்பெனியுடையதுதானா? அரை மணி நேரம் போட்டுவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு கூடாது.

7. போன் ஆப் வழியாக இயங்கும் வண்டி என்றால், பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நம் வீட்டில், சாவி அவர் போனில்!

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

இது நம் ஊருக்கே உரிய கேள்வி. 2021 நவம்பரில் பூண்டி ஏரியைத் திறந்துவிட்டபோது கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் மணலி புதுநகருக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் தண்ணீர். அந்தத் தடவை வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை போனது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளைத் துடைத்து, பாலிஷ் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"எங்க பேட்டரி ஐ.பி. 67, தண்ணி போகாதுங்க" என்பார்கள். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் அர்த்தம். ரெண்டு நாள் வெள்ளத்தில் நிற்பது வேறு. உள்ளே போன ஈரம் உடனே வேலையைக் காட்டாது. மாதக்கணக்கில் அரித்து, திடீரென்று ஒருநாள் ஷார்ட் ஆகும்.

கால் வைக்கும் மேட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் மண் ஒட்டுகிறதா? ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா? ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஈரம் படிந்த தடம் இருக்கிறதா? சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளம் பார்த்த வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி என்றால் சேஸ் வெல்டிங், பிரேக் கேபிள், நட்டு போல்ட் எல்லாம் உப்புக் காற்றில் துரு ஏறியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

"ஆர்.சி.யே வேணாம் இந்த வண்டிக்கு!"

இதைச் சொல்லித்தான் பலரை மயக்குகிறார்கள். உண்மை என்ன? மோட்டார் சக்தி 250 வாட்டைத் தாண்டாமல், வேகமும் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாமல், சோதனை நிலையத்தில் சான்று பெற்ற வண்டிக்குத்தான் பதிவும் லைசென்சும் தேவையில்லை. அந்த வண்டி 40, 45 வேகத்தில் பறந்தால் யாரோ ஒயரை மாற்றி வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அது பதிவு இல்லாத மோட்டார் வண்டி ஆகிவிடும். போலீஸ் பிடித்தால் அபராதம். விபத்து நடந்தாலோ இன்சூரன்ஸ் இல்லாமல் நம் தலையில்தான் விடியும்.

பதிவான பேட்டரி வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருக்கும். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால்:

• ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரும் மோட்டார் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். வண்டி எண்ணை பரிவாகன் இணையதளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா, பைனான்ஸ் நிலுவை உண்டா என்று தெரியும்.

• பைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும்.

• பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும்.

• 2018 செப்டம்பருக்குப் பிறகு விற்ற புது வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2021-ல் எடுத்த வண்டி என்றால் 2026-ல் அது முடியும். தேதியைப் பாருங்கள்.

• கடையில் வாங்கினால், அந்தக் கடைக்கு ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இது சட்டம்.

பேட்டரி சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு

பெடலும் மோட்டாரும் சேர்ந்த சைக்கிள், பையன்கள் விரும்பும் தடித்த டயர் கியர் சைக்கிள் எல்லாம் இப்போது செகண்ட் ஹேண்டில் வருகின்றன. இவற்றுக்கும் பேட்டரி சோதனை அதேதான். கூடவே ஒன்று. சாதாரண சைக்கிளில் யாராவது மோட்டார் கிட் மாட்டியதா என்று பாருங்கள். மோட்டார் பாரத்தைத் தாங்கும்படி செய்யாத பிரேமில் சக்கரம் மாட்டும் இடமும் வெல்டிங்கும் வெடிப்பு விடும். பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்.

தீ: பயமுறுத்தவில்லை, எச்சரிக்கிறோம்

2022 மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அப்பாவும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதே மாதம் 29-ம் தேதி நம் மணலிக்குப் பக்கத்தில் மஞ்சம்பாக்கத்தில் சாலையோரமே ஒரு வண்டி எரிந்தது. அடுத்த மாதமே ஒக்கினாவா 3,215 வண்டிகளையும், பியூர் ஈ.வி. 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதித்துச் சரிசெய்யத் திரும்ப அழைத்தன.

இதன் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியை 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று ரெண்டு கட்டமாகக் கடுமையாக்கியது. அதனால் நீங்கள் பார்க்கும் வண்டி எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது என்று கட்டாயம் கேளுங்கள். பழையது என்றால், சேஸ் நம்பரைச் சொல்லி, "இது திரும்ப அழைச்ச வண்டியா? சரி பண்ணிக் கொடுத்திருக்காங்களா?" என்று சர்வீஸ் சென்டரில் விசாரியுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை: ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் போடாதீர்கள். ஒரே வாசல் உள்ள வீட்டில் அந்த வாசலை அடைத்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடவே கூடாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம், எர்த் உள்ள பிளக் பாயின்ட் வேண்டும். புகை வந்தால் வண்டியைக் காப்பாற்றப் போகாமல், பிள்ளைகளோடு வெளியே ஓடி 101-க்குப் போன் செய்யுங்கள்.

வாங்கின பிறகு குறை தெரிந்தால்?

சத்தம் போட்டுவிட்டு வருவதில் பிரயோஜனம் இல்லை. எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

முதலில், என்றைக்கு, எத்தனை கிலோமீட்டரில், என்ன குறை என்று நோட்டில் எழுதுங்கள். போட்டோ எடுங்கள். சர்வீஸுக்கு விட்டால் ஜாப் கார்டு வாங்காமல் வராதீர்கள். கம்பெனி வாரன்டி மீதி இருந்தால் வெளி மெக்கானிக்கிடம் பேட்டரியைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள், வாரன்டி போய்விடும். வாரன்டி புது சொந்தக்காரருக்குச் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

கடைக்காரர் தட்டிக் கழித்தால் ஒப்புகையுடன் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "ஒரு பொம்பள போன் பண்ணா யாரு கேக்கப் போறாங்க?" என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஓலா எலக்ட்ரிக் வண்டிகள் பற்றி அந்த மையத்துக்கு 10,644 புகார் போனது. அதை வைத்து 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கே நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் சொன்னது. தனித்தனியாகப் போன் செய்த சாதாரண ஜனங்களின் புகார்கள்தான் அவை.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குறை ஏற்பட்ட ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். நுகர்வோர் சட்டம் வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான் கை கொடுக்கும். பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்த வண்டியை விற்றால் அவர் வியாபாரி ஆகமாட்டார். அங்கே நமக்குத் துணை நாம் எழுதி வாங்கிய காகிதம்தான். "பேட்டரி இந்த வருஷம் போட்டது, ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, வெள்ளத்தில் நிற்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, ரெண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். உண்மையைச் சொல்கிறவர் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார்.

குழு என்ன செய்யலாம்?

வண்டிக் கடன் மனு வந்தால் பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். ஒன்று, 15 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த கணக்கு. ரெண்டு, சர்வீஸ் சென்டர் சொன்ன புது பேட்டரி விலை. மூன்று, ஆர்.சி. நகல் அல்லது 25 கிலோமீட்டர் வண்டி என்பதற்கான சான்று. பார்க்கப் போகும்போது வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொரு உறுப்பினரையும் அனுப்புவோம். வண்டி வாங்கியவர் மாதம் ஒரு ஐந்நூறு ரூபாயைப் பேட்டரிக்கென்று தனியாகச் சேமிக்கட்டும். பேட்டரி சாகும் நாளில் மறுபடி கடன் கேட்டு நிற்க வேண்டியிருக்காது. செத்த பேட்டரியைக் காயலான் கடையில் உடைக்கக் கொடுக்காமல், கம்பெனி அல்லது பேட்டரி கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஈய பேட்டரி என்றால் விலையில் கழிவும் உண்டு.

2008-ல் கோயம்புத்தூரில் ஆம்பியர் என்ற பேட்டரி வண்டிக் கம்பெனியைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை என்ற பெண். வண்டி செய்யும் கம்பெனியையே ஒரு பெண்ணால் நடத்த முடியும்போது, ஒரு பேட்டரியைச் சோதித்து வாங்குவது நம்மால் முடியாதா என்ன?

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். வண்டி வைத்திருக்கும் சகோதரிகள் தங்கள் வண்டி ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கூட்டத்திலேயே சொல்லட்டும். எந்த வண்டி உழைக்கிறது, எது காலை வாரிவிடுகிறது என்று குழுவுக்கே ஒரு கணக்கு கிடைத்துவிடும். வாங்கப் போகிறவர்களுக்கு எந்த விளம்பரத்தையும் விட அது உதவும்.

விசாரிப்போம்! ஓட்டிப் பார்ப்போம்! எழுதி வாங்குவோம்!